அப்பா வேலை பார்த்த கோர்ட்டு

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் பிரிவு)

அமைப்பியல் படிக்கிற நமக்கு மூன்று வருடமும் சொல்லித் தருவது பெரும்பாலும் புதுக் கட்டடத்தைப் பற்றித்தான். காலி மனை இருக்கும். மார்க்கிங் போடுவோம், வானம் தோண்டுவோம், ஃபுட்டிங், காலம், பீம், ஸ்லாப் என்று படிப்படியாக மேலே போவோம். பரீட்சையிலும் அப்படியே கேட்பார்கள், நாமும் அப்படியே எழுதிவிடுவோம். ஆனால் ஊரில் கண்ணைத் திறந்து பார்த்தால் காலி மனையைவிட ஏற்கெனவே நிற்கிற கட்டடங்கள்தானே அதிகம்! அதிலும் பழைய கச்சேரி, டவுன் ஹால், சத்திரம் என்று உபயோகம் தீர்ந்துபோய்ப் பூட்டிக் கிடப்பவை எத்தனை! அவற்றை இடிக்காமல் வேறு உபயோகத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று நம் புத்தகத்தில் தேடினால், 'அண்டர்பின்னிங்' என்ற தலைப்பில் ஓர் அரைப்பக்கம் கிடைக்கும். "அது வராதுடி, விட்டுடு" என்று சீனியர் அக்காக்கள் சொல்லிவிட்டதால் எங்கள் செட்டில் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான் படித்தேன். எனக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். நிற்கிற கட்டடத்தின் அஸ்திவாரத்துக்குக் கீழே புது அஸ்திவாரம் கொடுப்பதற்கு அண்டர்பின்னிங் என்று பெயர் என்று நான்கு தடவை உருப்போட்டுக்கொண்டிருந்தபோது, திண்ணையில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்து, "பாப்பா, அது நாங்க செஞ்ச வேலைல்ல?" என்றார்.

சிங்கப்பூரில் பாடாங் என்று ஒரு பெரிய திடல் இருக்கிறது. மலாய் மொழியில் பாடாங் என்றாலே திடல்தான். அதன் ஓரத்தில் அடுத்தடுத்து இரண்டு பழைய அரசாங்கக் கட்டடங்கள். ஒன்று 1929-இல் கட்டி முடித்த முனிசிபல் ஆபீஸ். பின்னாளில் அதற்கு சிட்டி ஹால் என்று பெயர் வந்தது. முகப்பில் மூன்று மாடி உயரத்துக்கு 18 தூண்கள் வரிசையாக நிற்கும். இன்னொன்று 1939-இல் திறந்த சுப்ரீம் கோர்ட். உச்சியில் பச்சை நிறத்தில் செப்புக் குவிமாடம், முகப்பில் நீதிதேவதை சிலை. இந்த இரண்டையும் ஒன்றாக இணைத்து, 2015 நவம்பர் 24-ஆம் தேதி தேசிய கலைக்கூடமாகத் திறந்தார்கள். சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் என்று அந்தப் பக்கத்து நாடுகளின் ஓவியங்களும் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. சும்மா மாட்டி வைத்த கூடம் மட்டும் கிடையாது. பிள்ளைகள் வந்து வரைவதற்கு இடம், ஆராய்ச்சிக்கு நூலகம், நிகழ்ச்சிகள் நடத்த மண்டபம் எல்லாம் உள்ளே உண்டு. செலவு 532 மில்லியன் சிங்கப்பூர் டாலர். பரப்பு 64,000 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 16 ஏக்கர் தளம்!

அந்த மாற்றும் வேலை நடந்தபோது, 2012 முதல் இரண்டு வருடம் போல, என் அப்பா அங்கே கம்பி கட்டினார்.

எங்கள் ஊரில் அந்தச் சேதி வந்து சேர்ந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அப்பா போனில், "இப்ப பழைய கோர்ட்டுல இருக்கேன்" என்றாராம். லைன் சரியில்லை. அம்மாவுக்குக் காதில் விழுந்தது 'கோர்ட்டுல இருக்கேன்' மட்டும்தான். அப்பாயி அன்றைக்கே கருப்பருக்குக் கிடா நேர்ந்துவிட்டது, மகன் கேஸிலிருந்து வெளியே வரவேண்டும் என்று. மறுவாரம் விஷயம் தெளிந்த பிறகு ஊரில் வேறு மாதிரி பேச்சு ஓடியது: "அவனுக்கு சிங்கப்பூர்ல கோர்ட்டுல வேலையாம்ல, கவர்மெண்டு உத்தியோகமாம்ல!" நேர்ந்த கிடாயைச் சாமிக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? அதையும் கொடுத்தார்கள். நான் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கறி தின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கோர்ட் அங்கிருந்து 2005-இல் பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. காலியான இரண்டையும் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. இரண்டும் 1992-லேயே தேசிய நினைவுச் சின்னங்கள் என்று அறிவிக்கப்பட்டவை, எனவே இடிக்க முடியாது. இடிக்கவும் மனசு வராது. சிட்டி ஹாலில்தான் 1945 செப்டம்பர் 12-ஆம் தேதி ஜப்பான் படை மவுண்ட்பேட்டனிடம் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது. 1959-இல் லீ குவான் யூ பிரதமராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டதும் அங்கேதான். நமக்கும் அந்த இடத்தில் ஓர் ஒட்டு இருக்கிறது. 1943 ஜூலை 5-ஆம் தேதி நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு 'டில்லி சலோ' என்று முழங்கியது இந்தக் கட்டடத்துக்கு எதிரே, இதே பாடாங் திடலில். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போய் அந்தப் படையில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் எவ்வளவு பேர் என்று நாம் படித்திருக்கிறோம். அப்பாவுக்கு இது தெரியாது. நான் சொன்னபோது, "அந்தத் திடல்லயா? அங்கன சாயங்காலமானா வெள்ளக்காரங்க பந்து விளையாடுவாங்க" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை. இவ்வளவு போற்றிப் பாதுகாக்கிற சுப்ரீம் கோர்ட்டே, முன்பு அங்கே இருந்த 'ஹோட்டல் டி லூரோப்' என்ற பேர்பெற்ற ஓட்டலை இடித்துவிட்டுக் கட்டியதுதான். அந்தக் காலத்தில் அந்த ஓட்டலுக்காக யார் அழுதார்களோ!

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்த மாதிரி வேலை புதிதில்லை. 1928-இல் கட்டிய பெரிய போஸ்ட் ஆபீஸை 2001-இல் ஃபுல்லர்டன் என்ற நட்சத்திர ஓட்டலாக்கினார்கள். 1827-இல் கட்டிய கட்டடம் ஒன்று கோர்ட்டாக இருந்து, பிறகு பார்லிமெண்டாக இருந்து, 2004-இல் கலை இல்லமாக மாறியது. எம்.பி.க்கள் உட்கார்ந்து சண்டை போட்ட மன்றத்தில் இப்போது கச்சேரியும் இலக்கியக் கூட்டமும் நடக்கின்றன. ஹில் தெருவில் 1934-இல் கட்டிய போலீஸ் ஸ்டேஷனுக்கு 927 ஜன்னல்கள். அத்தனைக்கும் வானவில் மாதிரி வர்ணம் அடித்து, அமைச்சகத்தின் அலுவலகமும் ஓவியக் கடைகளும் ஆக்கிவிட்டார்கள். அப்பா தினமும் காலையில் லாரியில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவாராம். 'கலர் ஜன்னல் வந்துருச்சு, எந்திரிங்கடா' என்று தூங்கி வழிகிறவர்களை எழுப்பி விடுவார்களாம்.

இந்த மாதிரி மாற்றங்களில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் உண்டு. ஓட்டலாக மாற்றினால் கட்டடம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் காசில்லாதவன் உள்ளே போக முடியாது. போஸ்ட் ஆபீஸாக இருந்தபோது ஒரு கூலியாள்கூட ஸ்டாம்ப் வாங்கப் போயிருப்பான் அல்லவா? பொதுக் கட்டடம் என்றால் உபயோகம் மாறிய பிறகும் அது பொதுவாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

அப்பாவின் கட்சி வேறு. "இம்புட்டுப் பணத்தக் கொட்டிப் படம் மாட்டவா? ஆஸ்பத்திரியா ஆக்கியிருந்தா நாலு சனம் பொழச்சிருக்கும்ல" என்பார். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் பல ராத்திரி நடந்திருக்கிறது. முதலில் எனக்கும் பதில் தெரியவில்லை. ஆஸ்பத்திரியைவிடப் படம் முக்கியம் என்று யார்தான் சொல்ல முடியும்? பிறகு பாடத்தை வைத்தே யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி என்றால் ஒவ்வொரு வார்டுக்கும் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், ஆக்ஸிஜன் குழாய் வேண்டும். ஸ்ட்ரெச்சர் போகிற லிஃப்ட் வேண்டும். பெரிய கூடங்களைத் தடுத்து அறை அறையாக ஆக்கவேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சுவரை உடைக்கவேண்டும். கடைசியில் முகப்பு மட்டும் மிஞ்சும், உள்ளே வேறு கட்டடம் இருக்கும். கோர்ட் ஹாலோ உயரமான பெரிய அறை, வெளியே நீளமான தாழ்வாரம். படம் மாட்டவும், ஆள் நடந்து பார்க்கவும் அதைத் தடுக்கவே வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்குத் தகுந்த சட்டை தைக்கலாம். தைத்த சட்டைக்குத் தகுந்த மாதிரி மாப்பிள்ளையை வெட்ட முடியுமா? இதைச் சொன்னதும் அப்பா கொஞ்சம் சிரித்தார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப வேற எடத்துல ஆஸ்பத்திரி கட்டச் சொல்லு" என்று முடித்துவிட்டார்.

கலைக்கூடத்துக்கும் அந்தக் கட்டடத்தை அப்படியே கொடுத்துவிட முடியாது என்பதுதான் நம் பாடம் வருகிற இடம். நம் ஐ.எஸ். 875 இரண்டாம் பாகத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டு அறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் பாரம் எடுத்துக்கொள்கிறோம். மியூசியம், கலைக்கூடம் என்றால் 4. நாற்காலி பதிக்காத கூட்ட மண்டபம் என்றால் 5, அதாவது சுமார் 500 கிலோ. ஏன் என்றால் நாற்காலி இருந்தால் அதில் எத்தனை பேர் என்பது நிச்சயம், இல்லாவிட்டால் ஜனம் நெருக்கியடித்து நிற்கும். கோர்ட்டில் ஜட்ஜும் வக்கீலும் உட்கார்ந்திருந்தார்கள். கலைக்கூடத்தில் கூட்டம் அலை மோதும். உபயோகம் மாறினால் பாரம் மாறும். பாரம் மாறினால் பழைய தளம் தாங்குமா என்று முதலிலிருந்து கணக்குப் போடவேண்டும். அதுபோக தீ விபத்து என்றால் ஓடுவதற்கு மாடிப்படி, சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை, கூடுதல் கரண்ட்டு. சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஐப்பசி மாசம் மாதிரி ஈரக்காற்று. ஓவியத்துக்கு ஈரம் ஆகாது, பூஞ்சணம் பிடித்துவிடும். ராத்திரி பகலாக ஏ.சி. ஓடவேண்டும். அந்த ஏ.சி. குழாய்களைப் பழைய சுவரில் வெளியே தெரியாமல் எங்கே ஒளிப்பது? டிராயிங் ஹாலில் உட்கார்ந்து நாம் வரைகிற இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இந்தத் தலைவலி ஒன்றும் கிடையாது!

வடிவமைப்புக்குப் போட்டி வைத்து, 2008-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஸ்டூடியோ மிலூ என்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளூர் சி.பி.ஜி. நிறுவனம் அவர்களோடு சேர்ந்துகொண்டது. அவர்கள் செய்தது எனக்குப் புரிந்த வரையில் இதுதான். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருந்த சந்தின் மேலே கண்ணாடியும் பொன்னிற உலோகப் பின்னலுமாக ஒரு கூரை போட்டார்கள். போட்டோவில் பார்த்தால் பிரம்புக்கூடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அந்தக் கூரையைக் கிளைவிட்ட மரம் போன்ற புதுத் தூண்கள் தாங்குகின்றன. இரண்டு கட்டடங்களுக்கும் மேல்மாடிகளில் பாலம் போட்டார்கள். அடியில் நிலத்தைத் தோண்டி, இரண்டையும் சேர்க்கிற ஒரு கீழ்த்தளம் கட்டினார்கள்.

பத்திரிகைப் படங்களில் எல்லாம் அந்தப் பொன்னிறக் கூரைதான் வரும். அப்பா இருந்தது அடியில்.

"மேல அம்பது வருசத்துக்கும் மேல நின்ன கட்டடம், கீழ நாம மண்ண எடுக்கணும். நெனச்சுப் பாரு" என்று ஆரம்பித்தால் அப்பாவுக்கு நேரம் போவதே தெரியாது. ஒரு காலத்தில் கடல் அந்தத் திடலின் ஓரம் வரைக்கும் இருந்தது. பின்னால்தான் தூர்த்து நிலமாக்கினார்கள். அப்படிப்பட்ட மண்ணில் குழி எடுத்தால் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். நம் புத்தகம் சொல்கிறது: சுவருக்கு அடியில் ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் தோண்டாதே, ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று பகுதி பகுதியாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டு. இதை நான் ஆங்கிலத்தில் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஒரே வார்த்தையில் சொன்னார். "நம்ம மாட்டுக்கொட்டாயில உளுத்த காலை எப்படி மாத்துனோம்? மொதல்ல பக்கத்துல முட்டுக் கொடுத்தோம். அப்பறம் பழைய காலை உருவுனோம். மொதல்ல கால் கொடு, அப்பறம் மண்ண எடு. அம்புட்டுத்தான்."

இன்னொன்று சொன்னார், அது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய சுவரில் இருந்த விரிசல்களுக்குப் பக்கத்தில் நம்பர் போட்டுக் குறி வைத்திருப்பார்களாம். காலையில் ஒரு சர்வேயர் வந்து ஒவ்வொன்றாக அளந்து எழுதுவார். அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் கீழே ஒரு ஆளும் கையில் கருவி எடுக்கக்கூடாது. "அந்த ஆளு மூஞ்சியத்தான் எல்லாரும் பாத்துக்கிட்டிருப்போம். தலைய ஆட்டுனாருன்னா எறங்குவோம். நெத்தியச் சுருக்குனாருன்னா அன்னிக்கு உக்கார வேண்டியதுதான்." மில்லிமீட்டர் கணக்கில் ஒரு கட்டடம் இறங்குகிறதா என்று பார்க்கிற வேலையை, ஒரு மனுசன் நெற்றியை வைத்தே அப்பா படித்திருக்கிறார். நாம் லெவலிங் பிராக்டிகலில் அளவு ஒத்துவரவில்லை என்றால் பக்கத்து பேட்ச் ரெக்கார்டைப் பார்த்துச் சரிக்கட்டுகிறோமே, அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. (யாரும் சாரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

கோர்ட்டில் எதை வைத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. குற்றவாளிக் கூண்டை எடுக்கவில்லை. விசாரணைக்கு முன்னால் ஆட்களைக் கீழே அடைத்து வைத்த அறைகளில் இரண்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கூண்டுக்கு ஏறி வருகிற வழியும் இருந்தது. சட்டப் புத்தகங்கள் இருந்த வட்டமான நூலக மண்டபம் இன்றும் நூலகமாகவே இருக்கிறது. அடிக்கல்லுக்குக் கீழே 1937-இல் புதைத்த ஒரு பேழையில் அன்றைய செய்தித்தாள்களும் நாணயங்களும் இருக்கின்றன. அதை 3000-ஆம் ஆண்டில்தான் எடுக்கவேண்டுமாம். அதையும் தொடவில்லை. படம் பார்க்க வருகிற இடத்தில் கூண்டும் ஜெயில் அறையும் எதற்கு, அழகாக ஒரு காபிக்கடை போட்டிருக்கலாமே என்று எங்கள் கிளாஸில் ஒருத்தி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கூண்டில் நின்றவர்களில் எத்தனை பேர் கூலிகளோ, கப்பல் துறையில் மூட்டை தூக்கியவர்களோ, எந்தெந்த ஊரிலிருந்து போனவர்களோ. அவர்கள் நின்ற இடத்தைத் துடைத்துவிட்டு அழகு பண்ணினால் அது பாதி உண்மைதான். அப்பாயிக்குக் 'கோர்ட்டு' என்ற வார்த்தையைக் கேட்டதும் கிடா நேரத் தோன்றியது என்றால் அந்தப் பயம் சும்மா வந்ததா?

2014 கடைசியில் அப்பாவை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள், அடுக்குமாடி வேலைக்கு. கலைக்கூடம் திறந்தபோதும் அவர் சிங்கப்பூரில்தான் இருந்தார். மூன்று வருடம் கழித்து, 2018-இல்தான் ஊருக்கு வந்தார். அதற்குள் ஒரு நாள்கூட அங்கே போய்ப் பார்க்கவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், "ஞாயித்துக்கெழம ஒரு நாளு. துணி துவைக்கணும், வீட்டுக்குப் பேசணும், தேக்கா போயி சாமான் வாங்கணும், தூங்கணும். படமா பாக்கச் சொல்ற?" என்கிறார். யாரும் தடுக்கவில்லை. போகலாம் என்று தோன்றவே இல்லை என்பதுதான் விஷயம். கோர்ட்டு என்றால் வேலை இருந்தால்தான் உள்ளே போகவேண்டும் என்று பழகிப்போன கால்கள் அவை. ஒரு வேலையும் இல்லாமல், சும்மா, பார்ப்பதற்கென்று ஒரு பெரிய கட்டடத்துக்குள் நுழைவது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. எனக்கே இந்தக் காலேஜில் அட்மிஷன் அன்றைக்கு ஆபீஸ் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறலாமா என்றுதான் இருந்தது.

என் அத்தை மகன் இப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். போன பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் நச்சரித்ததற்காக அங்கே போய் வீடியோ காலில் வந்தார். முதலில் பொன்னிறக் கூரையைக் காட்டினார். அம்மா, "ஆத்தாடி!" என்றது. பிறகு தூண், பாலம், யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், சுவர் நிறையப் பெரிய பெரிய படங்கள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "நல்லாருக்கு மாப்ள, நல்லாருக்கு. கீழ எறங்கு."

"கீழ ஒண்ணுமில்ல மாமா, வெறும் நடைதான்."

"எறங்குங்கிறேன்ல."

இறங்கினார். அகலமான, வெளிச்சமான நடைபாதை. பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பா போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, நேரே போ, நில்லு, இந்தப் பக்கம் திரும்பு என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு சுவரோரம் வந்ததும், "இங்கதான். இங்கதான் தண்ணி நிக்காம ஊறுச்சு. மூணு நாளு மோட்டார் போட்டோம்" என்றார். அத்தை மகன் அந்த இடத்தைக் காட்டினார். வெள்ளைச் சுவர், பளபளவென்று தரை, வேறொன்றும் இல்லை.

"ஈரம் ஏதாச்சும் கசியுதா பாரு, தொட்டுப் பாரு" என்றார் அப்பா.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சுவரில் கையை வைத்தார். "இல்ல மாமா. காஞ்சுதான் கெடக்கு."